தறி வீட்டுக் குப்பையும் நகரசபையின் கடமையும்

வீட்டுக் குப்பையை நான்கு பாகமாகப் பிரித்தே கொடுக்க வேண்டுமென்று இந்திய சர்க்கார் புதிய விதிகள் செய்திருக்கின்றனர். 2026-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பிரசுரமான அவ்விதிகளுக்கு ஏப்ரல் 1-ந் தேதி அமுல் தேதியாகக் குறிக்கப்பட்டது. ஈரக் குப்பை ஒன்று. உலர்ந்த குப்பை ஒன்று. உடற்சுத்தம் சம்பந்தமான கழிவு ஒன்று. தனிக் கவனம் வேண்டும் கழிவு ஒன்று. 2016-ம் வருஷத்து விதிகள் மூன்று பிரிவுகளோடு நின்றன. அவற்றிற்கு முன் 2000-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகளோ, குப்பையைப் பிரித்து வைக்கும்படி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று நகரசபைகளைக் கேட்டுக்கொண்டன. அவையும் தாமாகப் பிறந்தவையல்ல. அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டின் வாயிலைத் தட்டிய பிறகே பிறந்தன.

“குப்பைக்குங்கூடவா ராஜாங்கச் சட்டம்?” என்று நகைப்பவர் நம்மில் பலர். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. விதி பிறந்து 26 வருஷங்களாகியும் தெருமூலையில் தொட்டி வழிவதையும், மாடு அதைக் கிளறுவதையுமே கண்டு வந்தவர்கள், இரண்டு போய் மூன்று வந்து, மூன்று போய் நான்கு வந்ததென்று கேட்டவுடன் நகைப்பது இயற்கையே. ஆனால் நகைத்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாதபடி ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லவே இன்று எழுதப் புகுந்தோம்.

சென்னைப் பட்டணத்துக் குப்பையைப் பற்றி எழுதுவோர் அநேகர். பெருங்குடிக் குப்பை மேடு 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தீப்பற்றி நாட்கணக்காய்ப் புகைந்தபோது பத்திரிகைகளெல்லாம் எழுதின. நாம் எடுத்துக்கொள்ளுவது பட்டணத்தையன்று. திருவண்ணாமலை ஜில்லாவிலே கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் அறுபதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட ஊர் அது. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் பெற்றது. ஆரணிப் பட்டு என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பும் உண்டு. அவ்வூரின் தெருக்களிலும், தேவிகாபுரம் முதலான சுற்றுக் கிராமங்களிலும், தறியென்பது தொழிற்சாலையில் நிற்கும் யந்திரமன்று. வீட்டின் நடுக்கூடத்தில் குழி வெட்டி நிறுத்திய குடும்ப உடைமை. அதன் பக்கத்திலேயே தொட்டில் ஆடும், அடுப்பும் எரியும். ஒரே வாசலிலிருந்து பெருக்கித் தள்ளும் குப்பையில் கத்தரிக்காய்க் காம்பும் இருக்கும், சாயமேறிய நூலும் இருக்கும்.

இங்கேதான் சிக்கல். விதி செய்தவர்கள் வீட்டை ஒரு கண்ணாலும் தொழிற்சாலையை மற்றொரு கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். வீடென்றால் அடுப்பங்கரையும் குளியலறையும். தொழிற்சாலையென்றால் புகைபோக்கியும் லைசென்ஸும். வீடே தொழிற்கூடமாயிருக்கிற ஊரை அவர்கள் மனத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே நால்வகைத் தொட்டிகளையும் ஆரணியின் நெசவுத் தெருவில் கொண்டுபோய் வைத்தாலும், “இந்தச் சாயப் பொட்டலத்தை எதில் போடுவது?” என்று நெசவாளியின் மனைவி கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. பதிலில்லாத பொருள் போகுமிடம் ஒன்றே ஒன்று, வாசலில் ஓடும் சாக்கடை. நான்கு தொட்டிகளைப் பற்றிச் சர்க்கார் பேசுகின்றனர். யாரும் பேசாத ஐந்தாவது தொட்டி அதுதான்.

குப்பையைப் பிரிக்கும் பழக்கம் நம் ஜனங்களுக்கு வராது, அது மேல்நாட்டார்க்கே கைவந்த காரியம் என்று சொல்லும் கனவான்களை நாம் அறிவோம். அவர்களை ஆரணியில் ஒரு தறி வீட்டு வாசற்படியில் அரைமணி நேரம் உட்காரும்படி வேண்டிக்கொள்ளுகிறோம். முதலாளியிடமிருந்து பட்டு நிறுத்து வருகிறது. ஜரிகையும் நிறுத்து வருகிறது. நெய்த புடவை நிறுத்துத் திரும்பிப் போகிறது. குறைந்த எடைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நெசவாளி. அறுந்த ஜரிகைத் துண்டு ஒன்று தரையில் விழுந்தால் அதைத் துடைப்பம் தொடுவதில்லை, விரல் தொடுகிறது. பொறுக்கி ஒரு டப்பியில் போட்டு வைக்கிறார்கள். அசல் ஜரிகையில் வெள்ளியிருக்கிறது, பொன் முலாமிருக்கிறது. கிழிந்துபோன பழம்புடவையைக்கூட விலை கொடுத்து வாங்கி, அதை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியெடுக்கும் வியாபாரிகள் தெருத் தெருவாய் வருவது நம் வீட்டுப் பெண்களெல்லாம் அறிந்த செய்தி. பட்டு நூலின் துணுக்கும் அப்படியே தனியே சேர்கிறது. இவ்வளவு நுட்பமாகக் கழிவைப் பிரித்தறியும் ஜனங்கள் உலகத்தில் வேறெங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறோம். பிரிக்கத் தெரியாதென்பது பொய். விலையுள்ளதைப் பிரிக்கிறார்கள், விலையில்லாததைப் பிரிப்பதில்லை. இதுவே உண்மை. விலையில்லாததென்று நாம் தள்ளிய பொருளுக்கும் ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதானிருக்கிறார். யாரென்று பின்னே சொல்லுவோம்.

குப்பை என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். நம் குடியானவர்கள் வாயில் அது வசைச் சொல்லன்று. “நிலத்துக்குக் குப்பை அடித்தாயிற்றா?” என்று கேட்டால், எருவிட்டாயிற்றா என்பதே அர்த்தம். கொல்லையில் குழியிருக்கும், சாணமும் சாம்பலும் எச்சிலிலையும் வைக்கோற் கூளமும் அதில் மக்கும், சித்திரையில் வண்டிகட்டி வயலுக்குப் போகும். குப்பை ஒரு சொத்தாகவேயிருந்தது. குப்பைக்கு இழிவு வந்தது பிளாஸ்டிக் அதனோடு கலந்த பின்புதான். இந்தூர் நகரத்திலே ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விவசாய நிபுணர் 1920-களில் தொடங்கிச் சில வருஷங்கள் பரீட்சை செய்து, குப்பையை உரமாக்கும் முறையொன்றை வகுத்து 1931-ல் புஸ்தகமாக வெளியிட்டார். அவர் அம்முறையின் மூலத்தைக் கற்றது கீழைநாட்டுக் குடியானவர்களிடமிருந்தே. காந்தியடிகள் ஹரிஜன் பத்திரிகையில் அம்முறையை எடுத்துக்காட்டினார். தஞ்சையில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-ல் ஏற்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்து, நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கும் பொருளாதாரத்தை வாழ்நாளெல்லாம் போதித்தார். நமது வீட்டுக் கொல்லையில் இருந்ததையே இவர்கள் நமக்கு ஞாபகமூட்டினர். சுற்றிலும் நெல் வயல்களையுடைய ஆரணிக்கு இது புத்தியிலேற வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் உறையும் கலந்த எருவை எந்தக் குடியானவனும் வண்டியிலேற்ற மாட்டான். அவன் செய்வது நியாயமே.

நிற்க. எதை எதில் போடுவதென்பதில் ஜனங்களுக்குள்ள குழப்பத்துக்கு நம் பாஷையில் எழுதிவைத்த பலகைகளும் ஒரு காரணம். “மக்கும் குப்பை”, “மக்காத குப்பை” என்று பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் எழுதினார்கள். பத்திரிகைக் காகிதம் மக்கும். அட்டைப் பெட்டி மக்கும். பருத்தித் துணி மக்கும். ஆகவே யோக்கியமான ஒரு குடும்பஸ்தர் அவற்றையெல்லாம் பச்சைத் தொட்டியில் சோற்றோடும் குழம்போடும் போட்டுவிடுகிறார். அவர் செய்தது பலகை சொன்னபடியே. ஆனால் காரியம் கெட்டது. மறுபடியும் காகிதமாகக்கூடிய காகிதம் நனைந்து நாசமாயிற்று. விதியின் கருத்து மக்குவதும் மக்காததுமல்ல, ஈரமும் உலர்வுமே. சமையலறைக் கழிவு, எச்சிலிலை, தேயிலைச் சக்கை, முட்டையோடு, எலும்பு, வாடிய பூ ஆகியவை ஈரத்தொட்டிக்கு உரியவை. காகிதம், அட்டை, தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக், துணி, தோல் ஆகியவை உலர்தொட்டிக்கு. பால் உறையைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் அது சரக்கு. கழுவாமல் போட்டால் இரண்டு நாளில் நாற்றம். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, உள்ளே இன்னதென்று எழுதிப் போடுவது ஒரு நிமிஷத்து வேலை. குழந்தைகளின் அணையாடையும் மாதவிலக்குத் துணியும் உறையிலிட்டுத் தனியே தரப்பட வேண்டும். தீர்ந்த பாட்டரி, உடைந்த குழல் விளக்கு, காலாவதியான மருந்து, பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்துப் பாத்திரம் ஆகியவை நான்காம் வகை. அவற்றை நித்தியக் குப்பையோடு சேர்க்கவே கூடாது. மினுமினுக்கும் தின்பண்ட உறைகள் உலர்ந்தவையே. ஆனால் காயலாங்கடைக்காரர் அவற்றைத் தொடமாட்டார். பல அடுக்காய் ஒட்டிய அவற்றைப் பிரித்துருக்க வழியில்லாமையால் சிமெண்ட் சூளைகளுக்கு எரிபொருளாய் அனுப்புகிறார்கள். அத்தகைய உறையை வாங்காமலிருப்பதே அதை ஒழிக்கும் வழி. தமிழ்நாட்டு சர்க்கார் 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் ஒரு முறை உபயோகித்தெறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை விதித்தும், 2021-ம் வருஷக் கடைசியில் மஞ்சள் பையை மீண்டும் தூக்கும்படி இயக்கம் நடத்தியும், சந்தைக்குப் போகிறவர் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் காண்பது இன்னும் அபூர்வமாகிவிடவில்லை.

இனித் தறி வீட்டுக்கு வருவோம். கோராப் பட்டின்மேல் இயற்கையான ஒரு பசை இருக்கிறது. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகம் அப்பசையே. சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சினால்தான் அது நீங்கி நூல் மிருதுவாகும், பளபளக்கும், சாயமேறும். காய்ச்சிய தண்ணீரில் கரைந்து வருவது பிராணியின் உடற்பொருள். தேங்கினால் அழுகி நாறும். அதன் பிறகு சாயம். பட்டுக்கு உபயோகமாகும் சாயங்களில் அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டியவை உண்டு. குரோமியம் போன்ற உலோகம் கலந்தவையும் உண்டு. நூலிலேறாமல் நீரில் மிஞ்சும் சாயம் கண்ணுக்கு அழகாயிருக்கும். சாயத் தொழில் நடக்கும் எந்த ஊரிலும் சாக்கடையின் நிறத்தைப் பார்த்தே அன்று என்ன நிறத்துக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாமென்பார்கள். வேடிக்கைப் பேச்சுத்தான்; குடிப்பது கிணற்று நீராயிருந்தால் வேடிக்கையன்று.

எல்லாத் தறி வீடுகளிலும் சாயமிடுவதில்லையென்பதும் நமக்குத் தெரியும். பெரும்பாலும் நூல் சாயமேறியே வருகிறது. சாயமிடுவோர் தனியே இருக்கின்றனர். ஆனாலும் வெறும் பொட்டலங்களும் டப்பாக்களும் மிச்சப் பொடியும் அமிலப் பாட்டில்களும் ஏதோ ஒரு வீட்டின் குப்பையில்தான் வந்து சேர்கின்றன. சாயப் பொடி பட்ட காகிதம் பார்வைக்கு உலர்ந்த குப்பை. உண்மையில் அது நான்காம் வகை. சாயமேறிய நூற் சிக்கல் பட்டானபடியால் மக்கும். ஆயினும் அதை எருக்குழியில் போடலாகாது. மலிவு ஜரிகையின் உள்நூல் பல சமயங்களில் பாலியெஸ்டர். அது பிளாஸ்டிக்கைச் சேர்ந்தது. ஜக்கார்டு பெட்டிக்குத் துளையிட்ட பழைய அட்டைகள் காகிதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நனையாமலிருந்தால் விலை போகும். இப்படித் தறி வீட்டிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்த ஜாபிதா ஒன்றை நகரசபையே தயாரித்து, நெசவுத் தெருவின் ஒவ்வொரு கதவிலும் ஒட்ட வேண்டும். டில்லியிலுள்ளவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். அவர்களால் செய்யவும் முடியாது. உபவிதிகள் செய்துகொள்ளும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இருப்பது இத்தகைய காரியத்துக்காகவே.

சாய நீரை அலட்சியம் செய்த ஊர்கள் என்ன கண்டன? திருப்பூரைப் பாருங்கள். பின்னலாடை வியாபாரம் கோடி கோடியாய்ப் பெருகியது. நொய்யலாறு சாயக் கால்வாயாயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு நீரின் தேக்கமாகி, கீழே வெள்ளாமை செய்த குடியானவர்கள் அதைத் திறக்க வேண்டாமென்று வேண்டும் நிலை வந்தது. கடைசியில் 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் நூற்றுக் கணக்கான பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பிய கூலிக்காரர்கள் தெருவில் நின்றனர். குற்றம் செய்தவர் யார், பட்டினி கிடந்தவர் யார் என்று பாருங்கள். இதைவிட நெருங்கிய உதாரணமும் இருக்கிறது. ஆரணியின் கமண்டல நாகநதி செய்யாற்றோடு கலந்து, செய்யாறு பாலாற்றில் போய்ச் சேருகிறது. அந்தப் பாலாற்றை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகள் என்ன செய்தன என்பது பழைய வடஆற்காடு ஜில்லா முழுதும் அறியும். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு, கெடுத்தவனே நஷ்டம் கொடுக்க வேண்டுமென்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பாகமென்று நிலைநாட்டியது. இன்று வந்துள்ள குப்பை விதிகளும் அக்கொள்கையையே ஆதாரமாகக் கொண்டவை. நம் ஜில்லாக்காரர் கிணற்று நீருக்காக வாதாடிப் பெற்ற தத்துவம் அது. அதை ஆரணியில் எடுத்து வழங்க நமக்கென்ன கூச்சம்?

கெடுத்தவன் கொடுக்க வேண்டுமென்றால் ஆரணியில் கொடுக்க வேண்டியவர் யார்? இக்கேள்வியை நாம் மழுப்ப விரும்பவில்லை. கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்குப் பட்டும் சொந்தமில்லை, ஜரிகையும் சொந்தமில்லை, நெய்த புடவையும் சொந்தமில்லை. லாபத்தில் ஒரு தம்பிடியும் அவர்கள் கையில் தங்குவதில்லை. அப்படியிருக்க, சாயப் பொட்டலத்தை ஈரத்தொட்டியில் போட்டதற்காக அக்குடும்பத்தினிடம் அபராதம் வசூலிப்பது நியாயமாகுமா? பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, சாயக் கழிவு மட்டும் தெருவினுடையதா? நூலை நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கும் வியாபாரிகள், சாயப் பொட்டலங்களையும் டப்பாக்களையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கட்டும். தறிக்காரர் புடவையோடு அவற்றையும் கொண்டுபோய்க் கொடுப்பார். கூட்டுறவுச் சங்கங்களும் அங்ஙனமே செய்யலாம். அதற்கு மேல் சாயமிடும் இடங்களின் நீரைச் சுத்தி செய்ய ஒரு பொது நிலையம் வேண்டும். அதன் செலவில் பெரும்பங்கு பட்டின் லாபத்தை எடுப்பவர்களைச் சாரட்டும். பல்லாயிர ரூபாய்க்கு விற்கும் கலியாணப் புடவையின் விலையில் இச்செலவு ஒரு கரையின் அகலத்துக்கும் வராது.

வியாபாரிகள் போட்டியைக் காட்டுவார்கள். “நாங்கள் செலவு செய்தால் விலையேறும், பிற ஊர்ச் சரக்கு எங்களை முந்தும்” என்பார்கள். திருப்பூரிலும் இதையேதான் சொன்னார்கள். ஆரணிப் பட்டு என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றவர்கள், அப்பெயருக்கு ஆதாரமான ஊரின் தண்ணீருக்குப் பாதுகாப்புக் கொடுக்க மாட்டோமென்பது அழகன்று.

ஜனங்களையும் வியாபாரிகளையும் சொன்னோம். இனி நகரசபைகளைச் சொல்லாமல் விடுவது பக்ஷபாதமாகும். நாட்டில் பல ஊர்களிலே நாம் காணும் காட்சி இது. ஒரு வீட்டு அம்மாள் சிரமப்பட்டு இரண்டு வாளிகளில் குப்பையைப் பிரித்து வைக்கிறாள். வண்டி வருகிறது. அவள் கண்ணெதிரிலேயே இரண்டு வாளியும் ஒரே பெட்டியில் கவிழ்கின்றன. மறுநாள் முதல் அவள் ஒரு வாளியே வைக்கிறாள். அவளைக் குறைசொல்ல யாருக்கு வாயுண்டு? ஆயிரம் துண்டுப் பிரசுரங்களும் பத்து ஊர்வலங்களும் செய்த பிரசாரத்தை அந்த ஒரு கவிழ்ப்பு அழித்துவிடுகிறது. குப்பை வண்டியில் தடுப்புகள் இல்லாத ஊரில் குடிகளுக்கு அபராதம் விதிக்கும் உரிமை நகரசபைக்கு இல்லையென்பது நமது அபிப்பிராயம். முதலில் வண்டியில் நான்கு அறை. பிறகு வீட்டில் நான்கு பாத்திரம். முறை இதுதான். இம்முறையைத் தலைகீழாக்கியதனாலேயே 26 வருஷங்கள் வீணாயின. பிரிக்காத குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் ஸ்தல ஸ்தாபனங்கள் அதிகக் கட்டணம் செலுத்த வேண்டுமென்று புதிய விதிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை மெச்சுகிறோம், கடிவாளம் குதிரைக்கு மட்டுமின்றி வண்டிக்காரனுக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள்.

விலையில்லாததென்று நாம் தள்ளிய பொருளுக்கு விலை கொடுப்பவர் யாரென்று பின்னே சொல்லுவோமென்றோமே, அவரைப் பற்றிச் சொல்லும் இடம் வந்துவிட்டது. நமது வாளி கவிழ்ந்த பிறகு அதனுள் கைவிடுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். உடைந்த வளையல், துருப்பிடித்த சவரத் தகடு, ஊசி, அணையாடை, அமிலம் மிஞ்சிய பாட்டில் எல்லாவற்றையும் ஒரு குவியலிலிருந்து பிரிப்பது அவர் கை. நாம் வீட்டில் இரண்டு நிமிஷத்தில் செய்திருக்க வேண்டியதை அவர் வெயிலில் நின்று செய்கிறார். கிழிந்த உறையோடு, சிலபோது உறையே இல்லாமல் செய்கிறார். துப்புரவுத் தொழிலாளரென்ற பெயரை மாற்றித் தூய்மைப் பணியாளரென்று சர்க்கார் அழைக்கிறார்கள். பெயர் மாற்றம் நல்லதே. கையில் குத்தும் கண்ணாடிக்குப் பெயர் தெரியாது. இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாக எந்த ஜாதியார் தலையில் கட்டினோம் என்பதும் நமக்குத் தெரியாத விஷயமன்று. தீண்டாமை ஒழிந்ததென்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி, “அவர்கள் பார்த்துக்கொள்ளுவார்கள்” என்று கதவைச் சாத்துகிறவன் எதை ஒழித்தான்? குப்பையைப் பிரிப்பது சுகாதார விஷயமென்று எல்லோரும் சொல்லுகிறார்கள். அதற்கு முன்னதாக அது தீண்டாமை விஷயம் என்கிறோம் நாம்.

அரசியல் ஊழியர்களான நம் நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, “தேசத்தின் பெரிய பிரச்னைகளிருக்க இவர்கள் குப்பையைக் கிளறுகிறார்களே” என்று முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுக்குச் சில சங்கதிகளை ஞாபகப்படுத்துகிறோம். 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போன காந்தியடிகள், பிரதிநிதிகள் அசுத்தம் செய்த இடத்தைத் தாமே துடைப்பமெடுத்துச் சுத்தம் செய்தார். தொண்டர்கள் அது தோட்டியின் வேலையென்று ஒதுங்கி நின்றார்கள். சேலம் நகரசபையில் ராஜாஜியும், ஈரோட்டு நகரசபையில் ஈ. வெ. ராமசாமியும் தலைமை வகித்து ஊர்க் காரியம் பார்த்த பிறகே நாட்டுக் காரியத்தில் பெயரெடுத்தார்கள். ஆமதாபாத் நகரசபையில் வல்லபபாய் படேல், அலகாபாத்தில் ஜவாஹர்லால் நேரு, கல்கத்தாவில் சுபாஷ் சந்திர போஸ் ஆகிய அனைவரும் சாக்கடையும் குழாயும் குப்பையும் பார்த்த கைகளே. இன்று கவுன்ஸிலர் பதவிக்கு நிற்கிற அன்பர், கமண்டல நாகநதியின் கரையில் ஒரு காலை நேரம் நடந்து பார்த்தால் தமது பிரசங்கத்துக்கு வேண்டிய விஷயமெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

நாம் யோசனை சொல்லாமல் குறை மட்டும் சொல்லுவதாக எவரும் எண்ணலாகாது. ஆரணி நகரமெங்கும் ஒரே நாளில் நான்கு பாத்திரங்களைப் பரப்ப முயல வேண்டாம், அது தோற்கும். நெசவாளர்கள் நிறைந்த தெரு ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அத்தெருவுக்கு அறை பிரித்த வண்டியொன்றை ஒதுக்கட்டும். தறி வீட்டு ஜாபிதாவை அத்தெருவிலுள்ள நெசவாளிகளையே, அதிலும் முக்கியமாய்ப் பெண்களையே, கூட்டி வைத்துத் தயாரிக்கட்டும். நூற் சிக்கலுக்கும் சாயத் துணிக்கும் உள்ள வித்தியாசம் என்ஜினீயரைவிட அவர்களுக்கே நன்றாய்த் தெரியும். ஈரக் குப்பை எருவானதும், அது சுத்தமானதென்று தெரியும்படி பக்கத்துக் கிராமக் குடியானவர் நாலு பேரை அழைத்து இலவசமாய் ஒரு வண்டி கொடுத்துப் பார்க்கட்டும். அவர்கள் இரண்டாம் வண்டிக்குத் தாமே வந்து கேட்டார்களானால், அந்தத் தெரு தேறியதென்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அடுத்த தெரு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை வண்டி ஈரக் குப்பை, எத்தனை வண்டி உலர்ந்தது, எவ்வளவு எரு விற்றது, எவ்வளவு சாயக் கழிவு சேர்ந்து எங்கே போயிற்று என்ற கணக்கை நகரசபை அலுவலக வாசலில் ஒட்டட்டும். நிறுத்து வாங்குவதும் நிறுத்துக் கொடுப்பதும் ஆரணிக்குப் புதிதல்லவே.

வியாபாரிகள் தம் பங்கைத் தர மறுத்தால் அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி ஒட்டும்படி சிபார்சு செய்கிறோம்.